இலைச்சாறும் பூச்சியும் ரத்தசோகையும்: மருந்தகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மருந்தகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளராக நிற்கிறேன். நிற்கிறேன் என்பதுதான் சரியான சொல். ஞாயிற்றுக்கிழமை மாலையில் உட்கார நேரம் கிடைத்ததே இல்லை. வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியிலிருந்து வரும் தம்பிகள், தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு அப்படியே உள்ளே நுழையும் அம்மாக்கள், பேத்தியின் ரத்தப் பரிசோதனைத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கும் தாத்தாக்கள் என்று எல்லாரும் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றைத்தான். குடற்பூச்சி, மலேரியா போன்ற ஒட்டுண்ணிகளுக்கும் அவற்றால் வரும் ரத்தசோகைக்கும் இலையிலும் பழத்திலும் உள்ள ஃபிளேவனாய்டு மருந்தாகுமா?

கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். காய்ச்சலோடு இதைப் படிப்பவர்கள் நேராக "ஊரிலிருந்து திரும்பி" என்று தொடங்கும் கேள்விக்குப் போய்விடுங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

அக்கா, இந்த ஃபிளேவனாய்டு என்றால் என்ன? ஒரு வகை வைட்டமினா?

வைட்டமின் இல்லை. ஒரு காலத்தில் அப்படி நினைத்தார்கள். 1936இல் ஹங்கேரிய விஞ்ஞானி சென்ட்-ஜியார்ஜி எலுமிச்சையிலிருந்தும் மிளகாயிலிருந்தும் பிரித்தெடுத்த பொருளுக்கு "வைட்டமின் பி" என்று பெயர் வைத்தார். நாம் நாக்கில் புண் வந்தால் போடும் பி காம்ப்ளெக்ஸ் வேறு. இது ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவதாக வரும் "பி". உண்ணாமல் விட்டால் குறைபாட்டு நோய் வரும் என்று நிரூபிக்க முடியாததால் பிற்பாடு அந்தப் பெயரைக் கைவிட்டார்கள்.

தாவரங்கள் தங்களுக்காகச் செய்துகொள்ளும் பொருள்கள் இவை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க, பூச்சியை விரட்ட, பூவுக்கு நிறம் கொடுக்க. பதினைந்து கரிம அணுக்கள் கொண்ட ஒரே சட்டத்தின் மேல் சிறுசிறு மாற்றங்கள் செய்து, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைத் தாவரங்கள் உண்டாக்கியிருக்கின்றன. ஆகவே "ஃபிளேவனாய்டு நல்லதா?" என்பது "காய்கறி நல்லதா?" என்பது போன்ற கேள்வி. எந்த வகை, எவ்வளவு, எதற்கு என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

நாம் சாப்பிடுவதில் எதில் இருக்கிறது?

கிட்டத்தட்ட எல்லாவற்றிலும். வெங்காயத்தில் குவெர்செட்டின்; முருங்கைக் கீரையில் குவெர்செட்டினும் கேம்ப்ஃபெராலும்; தேயிலையில் கேட்டச்சின்; ஆரஞ்சுத் தோலில் ஹெஸ்பெரிடின்; சோயாவில் ஜெனிஸ்டீன். சாம்பாரில் சின்ன வெங்காயம் போட்டு முருங்கைக் கீரைப் பொரியலோடு சாப்பிட்டால், புட்டியில் அடைத்து விற்கும் பல பொருள்களை நீங்கள் ஏற்கெனவே உண்டுவிட்டீர்கள்.

பூச்சி இருந்தால் ரத்தம் குறையும் என்கிறார்களே, உண்மையிலேயே ரத்தத்தைக் குடிக்குமா?

கொக்கிப்புழு குடிக்கும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது அதன் குஞ்சுப் புழு தோலைத் துளைத்து நுழைகிறது. பின் நுரையீரல் வழியாகச் சுற்றிக் குடலுக்கு வந்து, உள்சுவரைக் கடித்துத் தொங்குகிறது. கொக்கிப்புழுவில் இரண்டு வகை உண்டு. சிறிய வகைப் புழு ஒன்று நாளைக்கு 0.03 மில்லிலிட்டர் அளவும், பெரிய வகைப் புழு ஒன்று 0.15 முதல் 0.2 மில்லிலிட்டர் வரையும் ரத்தத்தை வீணாக்கும். பெரிய வகையில் நூறு புழு இருந்தால் நாளைக்கு 15 முதல் 20 மில்லிலிட்டர்.

இரும்புக் கணக்காகப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அப்படியானால் நாளைக்கு ஏழெட்டு முதல் பத்து மில்லிகிராம் வரை குடலுக்குள் கொட்டுகிறது. அதில் ஒரு பகுதியை உடல் மறுபடி உறிஞ்சிக்கொண்டாலும், சாதாரணச் சாப்பாட்டிலிருந்து நாம் நாளொன்றுக்கு ஈர்த்துக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். வரவைவிடச் செலவு பெரிது. சம்பளத்தை ஊருக்கு அனுப்புகிற தம்பிகளுக்கு இந்தக் கணக்கை நான் விளக்கவே வேண்டியதில்லை.

மலேரியாவில் கதை வேறு. கிருமி சிவப்பணுவுக்குள் குடியேறி, உள்ளிருந்து அதை உடைக்கிறது. தொற்றாத அணுக்களையும் மண்ணீரல் சந்தேகப்பட்டுப் பிடித்து அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையும் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. மணல் ஈ கடித்துத் தொற்றும், காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலில் மண்ணீரல் வீங்கி, சிவப்பணுக்களின் சவ்வு சேதமடைந்து ரத்தம் குறைகிறது. ஆக மூன்று நோய், மூன்று வழி. கொக்கிப்புழுவில் இரும்பு வெளியே போகிறது. மலேரியாவில் இரும்பின் பெரும்பகுதி உடலுக்குள்ளேயே, பயன்படாத இடத்தில், கிடக்கிறது. இந்த வித்தியாசம் பின்னால் வரும் கேள்விகளுக்குத் தேவைப்படும்.

கொய்னா மரப்பட்டை, சீனத்து மலேரியா மூலிகை எல்லாம் செடிதானே? அவையும் ஃபிளேவனாய்டுதானே?

செடியிலிருந்து வந்தவைதான், ஃபிளேவனாய்டு இல்லை. சின்கோனா மரப்பட்டையின் குவினைன் ஓர் ஆல்கலாய்டு. சீனத்து மூலிகையின் ஆர்ட்டெமிசினின் டெர்பீன் குடும்பத்தைச் சேர்ந்தது. 1967இல் தொடங்கிய சீன அரசின் 523ஆம் திட்டத்தில் து யூயூ என்ற பெண் விஞ்ஞானி நான்காம் நூற்றாண்டு மருத்துவக் குறிப்பு ஒன்றைப் படித்தார். இலையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னது அந்தக் குறிப்பு. கொதிக்கவைத்தால் சத்து கெடுகிறது போலும் என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே செடியில் காஸ்டிசின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அவை ஆர்ட்டெமிசினினுக்குக் கைகொடுத்தன. "அப்படியானால் முழு இலையையே தேநீராக்கிக் குடிக்கலாமே" என்று சிலர் கிளம்பினார்கள். இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும். அரைகுறை அளவு கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் இலைத் தேநீரை மலேரியாவுக்கு ஏற்கவில்லை.

வெங்காயத்தில் இருக்கும் பொருள் காலா அசாரைக் குணமாக்கியதாக வாட்ஸ்அப்பில் வந்தது. பொய்தானே?

முழுப் பொய் இல்லை, அதுதான் தொல்லை. கொல்கத்தாவில் இந்த ஆராய்ச்சி உண்மையாகவே நடந்தது. நம் நொச்சி இலையிலிருந்து பிரித்த லூட்டியோலின் என்ற ஃபிளேவனாய்டு, காலா அசார் கிருமியின் மரபணு இழையைத் துண்டாக்கி அதைச் சாகடிக்கிறது என்று 2000இல் காட்டினார்கள். ஆவி பிடிக்க நொச்சியைத் தேடி அலைந்தவர்களுக்கு இதைக் கேட்டால் பெருமையாக இருக்கும்; எனக்கும் இருந்தது.

2005இல் அதே நகரத்து ஆய்வாளர்கள் தொற்று ஏற்றிய ஹாம்ஸ்டர் எலிகளுக்குக் குவெர்செட்டின் கொடுத்தார்கள். கிருமியும் குறைந்தது, ரத்தசோகையும் தணிந்தது. ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் அல்புமின் புரதத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் கூடியது. காரணம் சுவையானது. குவெர்செட்டின் இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். தன் மரபணுவைப் பெருக்க உதவும் ஒரு நொதியை இயக்கக் கிருமிக்கு இரும்பு தேவை. அது கிடைக்காமல் போகிறது. கட்டவிழ்ந்து திரியும் இரும்புதான் சிவப்பணுவின் சவ்வை அரிக்கிறது. அதையும் குவெர்செட்டின் கட்டிப்போடுகிறது. ஒரே பிடியில் இரண்டு வேலை.

வாட்ஸ்அப் செய்தியில் விடுபட்டது ஒரு சொல்தான்: எலி. மனிதர்களின் காலா அசாருக்கு இன்று தருவது கொழுப்பு உறைக்குள் பொதிந்த ஆம்ஃபோடெரிசின் மருந்து. கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று ஒரே தடவை ஊசிவழி ஏற்றிவிடலாம். இந்த மருந்தையும் மணல் ஈ ஒழிப்பையும் வைத்துத்தான், பங்ளாதேஷ் 2023இல் காலா அசாரைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றிய முதல் நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. வெங்காயத்தை அந்த மக்கள் அதற்கு முன்பும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் கிருமி சாகிறது என்றால் ஏன் மாத்திரையாக வரவில்லை? மருந்து கம்பெனிகள் அமுக்குகின்றனவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள், நானும் அந்தச் சதியில் கூட்டு என்பது போல. மருந்து கம்பெனிகள் மேல் எனக்கும் வருத்தங்கள் உண்டு. இந்த விஷயத்தில் குற்றவாளி நம் கல்லீரலும் குடலும்.

2008இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் உணவில் உள்ள ஃபிளேவனாய்டுகளை மலேரியாக் கிருமி மேல் சோதித்தார்கள். சிறப்பாக வேலை செய்தது லூட்டியோலின். கிருமியின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க லிட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் தேவைப்பட்டது. ஆர்ட்டெமிசினின் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே அந்த வேலையை முடித்துவிடும். இனி நம் ரத்தத்தைப் பாருங்கள். வயிறு நிறைய வெங்காயம் சாப்பிட்டாலும் ரத்தத்தில் குவெர்செட்டின் பொதுவாக லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அதிலும் பெரும்பகுதி உருமாறியது: குடல்சுவரும் கல்லீரலும் அதனோடு சர்க்கரை அமிலத்தையும் கந்தகத்தையும் ஒட்டி, வெளியேற்றத் தயாராக வைத்துவிடுகின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியைக் கொன்ற பொருள் வேறு, நம் ரத்தத்தில் ஓடும் பொருள் வேறு.

இன்னொன்றும் உண்டு, மருந்து வேதியியல் தெரிந்தவர்கள் நமுட்டுச் சிரிப்போடு சொல்வார்கள். குவெர்செட்டின் எதைத் தொட்டாலும் ஒட்டும். எந்த நொதியோடு வைத்துச் சோதித்தாலும் "வேலை செய்கிறது" என்று காட்டிவிடும். சில நேரம் சோதனை முறையையே ஏமாற்றிவிடும். எல்லாப் பூட்டிலும் நுழையும் சாவி என்றால் எந்தப் பூட்டுக்கும் உரியது இல்லை என்றுதான் அவர்கள் சந்தேகப்படுவார்கள். எனவே அந்த மூலக்கூறை அப்படியே விற்காமல், அதன் சட்டத்தை மாற்றியமைத்தும், நுண்துகளில் பொதிந்தும், பிற மருந்துகளோடு சேர்த்தும் ஆராய்கிறார்கள். மெதுவான வேலை அது.

எனக்கு ரத்தம் குறைவு. இரும்பு மாத்திரையோடு குவெர்செட்டின் கேப்சூலும் போட்டால் வேகமாக ஏறுமா?

ஏறுவதற்குப் பதில் தாமதமாகலாம். இரும்பை இறுகப் பிடிக்கும் குணத்தைக் காலா அசார் பதிலில் பார்த்தோம். கிருமியிடமிருந்து பறிக்கும் அதே கை, உங்கள் குடலுக்குள் இருக்கும் மாத்திரை இரும்பையும் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட இரும்பு மலத்தோடு போய்விடும். எலிக்குப் பலன் தந்த ஆராய்ச்சியைக் காட்டி, இரும்புக் குறைபாடு உள்ள பெண்ணுக்குக் கேப்சூல் விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பிரச்சினை இரும்பு போதாதது. விற்பதோ இரும்பைத் தடுப்பது.

இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறு போன்று வைட்டமின் சி உள்ள ஒன்றோடு எடுங்கள். கேப்சூலை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

அப்படியானால் தே குடிக்கக் கூடாதா?

குடிக்கலாம், சாப்பாட்டோடு வேண்டாம். தேயிலையின் பாலிஃபீனால்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சாப்பாட்டோடு குடித்தால் கீரை, பருப்பிலிருந்து கிடைக்கும் இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகிவிடும். பால் ஊற்றிய தே தாரிக்கும் தப்பாது, பால் ஊற்றாத தே ஓ மட்டும் தப்பு என்று நினைக்க வேண்டாம். பிராட்டாவைச் சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். காப்பிக் கடையில் அவ்வளவு நேரம் யார் உட்கார விடுவார்கள் என்று கேட்டால், எடுத்துக்கொண்டு போங்கள்.

சிங்கப்பூரில் மலேரியாவே இல்லையே, நாம் ஏன் இதைப் பேச வேண்டும்?

1982இல் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது உண்மை. அனாஃபிலிஸ் கொசு இன்னும் இங்கே இருக்கிறது. நோய் வெளியிலிருந்து வருகிறது. வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் மலேரியாவும் பார்க்கப்படுவது இதனால்தான். குரங்குகளிடம் இருக்கும் நோலெசி வகை மலேரியா 2007இல் இங்கேயே ஒருவருக்குத் தொற்றியதும் பதிவாகியிருக்கிறது. ஜொகூரைத் தாண்டிக் காட்டுக்குள் முகாம் போகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து திரும்பிப் பத்து நாள் ஆகிறது, குளிர்காய்ச்சல். நிலவேம்புக் குடிநீர் குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகலாமா?

கூடாது. இன்றே போங்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடக்கூடும். மருத்துவரிடம் முதல் வாக்கியமே "நான் இன்ன ஊருக்குப் போய் இத்தனை நாள் முன்பு திரும்பினேன்" என்று இருக்கட்டும். சொல்லாவிட்டால் டெங்கிப் பரிசோதனையோடு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. இங்கே காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். மயக்கம், குழப்பமான பேச்சு, மூச்சுத்திணறல் இருந்தால் 995ஐ அழையுங்கள்.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்குகள் உண்டு. அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு ஃபிளேவனாய்டு இல்லை. காய்ச்சலைச் சற்றுத் தணித்து, "சரியாகிவிட்டது" என்று உங்களை இரண்டு நாள் நம்பவைத்தால், அந்த இரண்டு நாள்தான் ஆபத்து. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி இப்படித்தான் நான்கு நாள் குடித்துவிட்டுக் கடைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண் மஞ்சள், உதடு வெளுப்பு. மருந்து எதுவும் கொடுக்காமல் டாக்சியில் ஏற்றி அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார், இப்போதும் தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவருவார்.

வேப்பிலைக் கொழுந்து பூச்சிக்கு நல்லது என்று பாட்டி கொடுப்பார். பேரனுக்கு வேப்பெண்ணெய் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?

கொழுந்து வேறு, எண்ணெய் வேறு. வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குப் புகட்டவே கூடாது. 1981இல் மலேசிய மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள்: கைவைத்தியமாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு, கல்லீரலில் கொழுப்பு படிந்து மூளை பாதிப்பு. அத்தனையும் நம்மைப் போன்ற குடும்பங்கள்.

என் பாட்டியும் கொழுந்தை உருண்டையாக உருட்டி வாயில் திணித்து, துப்பாமல் இருக்க வெல்லக்கட்டியைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த நினைவு எனக்கும் இனிப்பானதுதான். பேரனுக்குப் பூச்சி என்று சந்தேகம் இருந்தால் வயதையும் எடையையும் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

பூச்சி மாத்திரையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும்?

வீட்டிலும் பள்ளியிலும் செருப்புப் போட்டு நடக்கும் சிங்கப்பூர்க் குழந்தைக்குக் காலண்டரைப் பார்த்துப் போடத் தேவையில்லை. இந்தியாவில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று நாள் குறித்துப் பள்ளிகளில் கொடுக்கிறார்கள் என்றால், அங்கே மண்ணில் புழு இருக்கிறது. ஊரில் நீண்ட நாள் இருந்துவிட்டு வந்தவர்கள், வயல் வேலை செய்தவர்கள், காரணம் தெரியாமல் ரத்தம் குறைந்தவர்கள் மலப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசலாம். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே தடவை. கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்கள் எடுக்கக் கூடாது.

கரிசலாங்கண்ணி, அன்னபேதிச் செந்தூரம் இவற்றைச் சித்த மருத்துவர் ரத்தசோகைக்குத்தானே கொடுக்கிறார்? அதையும் வேண்டாம் என்பீர்களா?

சித்த மருத்துவம் ரத்தசோகையைப் பாண்டு என்று பெயரிட்டு நெடுங்காலமாகப் பார்த்துவருகிறது. கவனித்துப் பாருங்கள்: கரிசலாங்கண்ணியில் லூட்டியோலினும் இருக்கிறது, ஆனால் பழைய வைத்தியர்கள் இலையை மட்டும் நம்பி நின்றுவிடவில்லை. அன்னபேதி என்பது இரும்புச் சல்பேட்டு. நான் விற்கும் இரும்பு மாத்திரைகள் சிலவற்றின் மூலப்பொருளும் அதுதான். இரும்பு குறைந்தால் இரும்பு கொடுக்க வேண்டும் என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள்.

என் தயக்கம் தயாரிப்பைப் பற்றியது. செந்தூரம், பற்பம் சரியாக முடிக்கப்படாவிட்டால் ஈயம், பாதரசம், ஆர்சனிக் தங்கிவிடும். ஈயமே ரத்தசோகையை உண்டாக்கும் என்பது இதில் உள்ள கொடுமை. சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம் இவற்றுக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஊரிலிருந்து பெட்டிக்குள் வரும் பெயர் ஒட்டாத பொட்டலத்தை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

என் மகனுக்கு ஜி6பிடி குறைபாடு. மூலிகைதானே என்று எதையாவது கொடுக்கலாமா?

எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஜி6பிடி என்பது சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி. அது குறைந்தவர்களின் சிவப்பணுக்கள் சில பொருள்கள் பட்டதும் உடைந்துவிடும். சிங்கப்பூர் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இதைப் பரிசோதிக்கிறது. சீன மருந்தான ஹுவாங் லியனிலும் நம் மரமஞ்சளிலும் உள்ள பெர்பெரினை, குழந்தைகளின் மஞ்சள் காமாலையை அதிகரிக்கிறது என்று 1978இல் தடைசெய்தார்கள். 2016இல் தடை முழுவதுமாக நீங்கினாலும், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் தொடக்கூடாது என்ற எச்சரிக்கை நிற்கிறது.

மலேரியா வந்தால் இது இன்னும் முக்கியம். வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் பல மாதம் உறங்கிக் கிடந்து மறுபடி எழும். அதை வேரோடு அழிக்கும் பிரைமாகுவின் மாத்திரை, ஜி6பிடி குறைந்தவரின் ரத்தத்தையே உடைத்துவிடக்கூடும். பரிசோதனை முடிவைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருங்கள்.

இரும்பு கொடுத்தால் கிருமிக்கும் தீனிதானே? மலேரியா இருக்கும்போது இரும்பு மாத்திரை போடலாமா?

மிக நல்ல கேள்வி. கேட்டவர் ஒரு கிரேன் ஓட்டுநர்; மருத்துவம் படித்திருக்க வேண்டியவர். கிழக்கு ஆப்பிரிக்காவில், ஸன்ஸிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்குத் தினமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த ஆய்வு 2006இல் வெளியானது. மலேரியா மிகுந்த அந்தத் தீவில், இரும்பு பெற்ற குழந்தைகள் அதிகமாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள், மரணமும் கூடியது. ஆய்வின் அந்தப் பகுதியையே இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று.

உடலுக்கே இது தெரியும் போலிருக்கிறது. தொற்று வந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் இரும்புக் கதவைச் சாத்திவிடுகிறது. அந்த நேரத்தில் விழுங்கும் இரும்பு ரத்தத்துக்குப் போய்ச் சேராது. அதனால் முதலில் மலேரியாவுக்கு மருந்து. ரத்தசோகை நீடித்தால் பிறகு இரும்பு, அதுவும் மருத்துவர் சொல்லி. மலேரியா ரத்தசோகையில் இரும்பு உள்ளேயே கிடக்கிறது என்று மேலே சொன்னது இதற்காகத்தான். கொக்கிப்புழுவில் இந்தச் சிக்கல் இல்லை: பூச்சி மாத்திரையும் இரும்பும் இரண்டும் தேவை.

மலேரியா மருந்து சாப்பிடும்போது கூடவே ஃபிளேவனாய்டு கேப்சூலும் எடுத்தால் பலம் கூடாதா? காஸ்டிசின் கைகொடுத்தது என்றீர்களே.

நான் சொன்னதை வைத்தே என்னை மடக்குகிறார்கள். காஸ்டிசின் கைகொடுத்தது உண்மை, ஆய்வுக்கூடத்தில். ஆர்ட்டெமிசினின் எப்படிக் கொல்கிறது என்பதையும் பாருங்கள்: கிருமிக்குள் இருக்கும் இரும்பைச் சந்தித்ததும் அந்த மூலக்கூறு வெடித்து எல்லாவற்றையும் சிதைக்கிறது. இரும்பைக் கட்டிப்போடும் மருந்துகளைக் கூடச் சேர்த்தபோது, ஆய்வுக்கூடத்திலேயே அதன் வேகம் குறைந்தது. இரும்பைப் பிடிக்கும் கேப்சூலைக் கைநிறைய விழுங்கி, உயிர்காக்கும் மருந்தோடு விளையாடிப் பார்க்க வேண்டுமா?

கிரேப்ஃப்ரூட் சாறும் அப்படி. ஆல்பெண்டசோல், பிராசிகுவான்டெல் ஆகிய பூச்சி மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பழியை நெடுநாள் அதன் ஃபிளேவனாய்டான நாரிஞ்சின் சுமந்தது. உண்மையான ஆள் ஃபியூரனோகூமரின் என்ற வேறு பொருள் என்று பிறகு தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் எந்தச் செடிச் சத்துக் கேப்சூலையும் கேட்காமல் தொடக்கூடாது. சாப்பாட்டில் வரும் வெங்காயத்துக்கும் கீரைக்கும் பயப்பட வேண்டாம்.

பூச்சி மாத்திரையும் போட்டேன், இரும்பும் மூன்று மாதம் சாப்பிட்டேன். ஹீமோகுளோபின் அசையவில்லையே?

இரும்புக் குறைபாடு என்றால் மூன்று நான்கு வாரத்திலேயே ஒன்றிரண்டு கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் மாத்திரையை மாற்றாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். தேநீரோடு விழுங்கினீர்களா என்பதை முதலில் கேட்பேன். அடுத்தது தலசீமியா: சிவப்பணு பிறவியிலேயே சிறியதாக இருக்கும், இரும்புச் சேமிப்பு சரியாக இருக்கும். அவர்களுக்கு இரும்பு மாத்திரை எத்தனை டப்பா கொடுத்தாலும் பயனில்லை, சேர்ந்து கெடுதலாகவும் முடியலாம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு, தேவைப்பட்டால் தலசீமியாப் பரிசோதனை என்று பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கேளுங்கள்.

ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புக் குறைவு என்றால் பூச்சியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. குடலில் எங்கோ கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நொச்சியை நம்பித் தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருக்கிறேன். தூக்கிப் போட்டுவிடவா அக்கா?

ஐயோ, வேண்டாம். சளி பிடித்தால் ஆவி பிடியுங்கள், வாசம் நன்றாக இருக்கும். தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.